கட்டளைக்கு எங்கே இடம்?

ஓர் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்வது எப்படி என்பது ஒரு கேள்வி. அதை எந்தப் பிரிவின் பொறுப்பில் விடுவது என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரே நாளில் விடை கிடைத்துவிடலாம். இரண்டாவது கேள்வியோ ஆண்டுக்கணக்கில் இழுக்கும். தவறான பிரிவில் போய் விழுந்த கோப்பு என்ன பாடுபடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய இடப்பிரச்சினை உண்டு. வலைப்பின்னல் வழியே பேசும் ஒரு நிரல், 'இந்த இணைப்பை இவ்வாறு அமைத்துக்கொடு' என்று கட்டளையிட விரும்புகிறது. அக்கட்டளை நிறைவேறும்வரை அது கைகட்டிக் காத்து நிற்கவும் விரும்பவில்லை. அப்படியானால் அந்தக் கட்டளையை வாங்கி நடத்திவைக்கும் பகுதியை எங்கே அமைப்பது? கேட்பதற்கு எளிய இக்கேள்வியின் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதனையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

ஓடும் பருப்பும்

கணிப்பொறியின் இயக்க அமைப்பில் நடுநாயகமாக விளங்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டையின் ஓட்டுக்குள்ளே இருக்கும் பருப்பு என்பதே அச்சொல்லின் பொருள். வட்டு, விசைப்பலகை, வலைப்பின்னல் அட்டை ஆகிய கருவிகளைத் தொடும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே உண்டு. நீங்களும் நானும் எழுதும் நிரல்கள் ஓட்டுக்கு வெளியே ஓடுபவை. அவை எது வேண்டுமானாலும் கெர்னலிடம் விண்ணப்பித்தே பெறவேண்டும். அந்த விண்ணப்பமே அமைப்பு அழைப்பு எனப்படுகிறது.

இந்த ஏற்பாடு வெறும் சம்பிரதாயம் அன்று. செயலியிலேயே இரண்டு நிலைகள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று சாதாரண நிலை. மற்றொன்று சலுகை பெற்ற நிலை. அமைப்பு அழைப்பு நிகழும்போதெல்லாம் செயலி முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குத் தாவி, வேலை முடிந்ததும் திரும்புகிறது. இன்றைய செயலிகளில் இப்படி ஒருமுறை போய்வர நூறு அல்லது சில நூறு நானோ நொடிகள் ஆகும். ஒரு நானோ நொடியில் ஒளி செல்லும் தூரம் ஏறத்தாழ 30 செ.மீ. ஆகவே இந்த ஒரு தாவலுக்குள் ஒளி 30 மீட்டர் கடந்துவிடும். ஒரு தாவல் பெரிதன்று. நொடிக்குப் பத்து லட்சம் தாவல் என்றால், செயலியின் நேரத்தில் கணிசமான பகுதி வாசற்படியிலேயே கழிந்துவிடும் அல்லவா?

எல்லாம் கோப்பே

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினர். அதன் சிறப்பு அதன் எளிமையே. வட்டில் உள்ள கடிதமும் ஒரு கோப்பு. தட்டச்சு முனையமும் ஒரு கோப்பு. நாடா இயந்திரமும் ஒரு கோப்பு. திற, படி, எழுது, மூடு என்னும் நான்கு வினைகளைக் கற்றுக்கொண்டால் எந்தக் கருவியோடும் பேசலாம்.

ஆனால், எல்லாவற்றையும் இந்த நான்கு வினைகளுக்குள் அடக்க இயலவில்லை. முனையத்தின் வேகத்தை மாற்றவேண்டும். தட்டும் எழுத்தைத் திரையில் காட்டாமல் மறைக்கவேண்டும். இவை படித்தலும் அல்ல, எழுதுதலும் அல்ல, இவை கட்டளைகள். முதலில் முனையத்துக்கென்று தனி அழைப்புகளை வைத்துப் பார்த்தனர். பின்னர், 1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக ஐ.ஓ.சி.டி.எல். என்னும் ஒரே அழைப்பை அமைத்தனர். கட்டளையின் எண்ணையும் அதனுடன் சேர்ந்த தகவலையும் கெர்னல் வாங்கிக்கொள்ளும். அக்கட்டளையின் பொருளை அறிந்த கருவியோட்டி நிரலிடம் சேர்த்துவிடும்.

இங்கே ஒரு கொள்கை பிறந்ததைக் கவனியுங்கள். வாசலில் இருப்பவர் உறையைப் பிரித்துப் படிப்பதில்லை. உரியவரிடம் சேர்ப்பதோடு அவர் பணி முடிந்தது. அறிவு யாரிடம் உள்ளதோ அங்கேதான் கட்டளை நிறைவேறுகிறது.

அதே பெல் ஆய்வுக்கூடத்தார் பின்னாளில் இந்தத் தனி வாசலும் வேண்டாம் என்று முடிவு செய்தனர். 1992இல் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்ட 'பிளான் 9' அமைப்பில், ஒவ்வொரு வலைப்பின்னல் இணைப்புக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கோப்பு இருந்தது. கட்டளையை எழுத்துகளாக அக்கோப்பில் எழுதினால் போதும். அழகான தீர்வுதான், ஆனால் உலகம் அதற்குள் வேறு பாதையில் வெகுதூரம் போய்விட்டது.

வலைப்பின்னல் நுழைந்த கதை

வலைப்பின்னல் நிரல்களை எங்கே வைப்பது என்ற கேள்வி இன்னும் பழையது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தினர் 1975இல் யூனிக்ஸை ஆர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னலோடு இணைத்தனர். அவர்கள் பயன்படுத்திய பி.டி.பி.-11 கணிப்பொறியின் நினைவகம் மிகச் சிறியது. எனவே அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தனர். அடிக்கடி நிகழும் தகவல் பரிமாற்றம் கெர்னலுக்குள்ளே இருந்தது. எப்போதாவது நிகழும் வேலைகள், அதாவது இணைப்பை ஏற்படுத்துவது போன்றவை, வெளியே ஓடும் ஒரு தனி நிரலிடம் விடப்பட்டன. நினைவகத்தின் அளவே இடத்தை முடிவு செய்தது எனலாம்.

1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் டி.சி.பி.-ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் பதிப்பை வெளியிட்டது. இதில்தான் சாக்கெட் என்னும் கருத்து பரவலாக அறிமுகமாயிற்று. சுவரில் மின்செருகியைச் செருகும் துளையை நாம் சாக்கெட் என்கிறோம். அதுபோல, வலைப்பின்னலோடு நிரல் தன்னைச் செருகிக்கொள்ளும் துளை இது. இம்முறை நெறிமுறைகள் முழுவதும் கெர்னலுக்குள் இடம்பெற்றன.

சாக்கெட்டுக்கும் கட்டளைகள் உண்டு. வந்து சேரும் தகவலைத் தேக்கிவைக்கும் இடத்தின் அளவைக் கூட்டலாம். சிறு சிறு துண்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்பாமல் உடனுக்குடன் அனுப்பச் சொல்லலாம். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்கச் சொல்லலாம். இவற்றுக்காக விருப்பங்களை அமைக்கும் அழைப்பு ஒன்றும், அமைந்துள்ளதைக் கேட்டறியும் அழைப்பு ஒன்றும் புதிதாக வைக்கப்பட்டன. பழைய ஐ.ஓ.சி.டி.எல். வாசலும் திறந்தே இருந்தது; படிக்கப்படாமல் எத்தனை பைட்டுகள் தேங்கியுள்ளன என்பது போன்ற கேள்விகள் அதன் வழியே சென்றன. ஆக, ஒரே வீட்டுக்குக் கட்டளை வாசல்கள் இரண்டாயின.

காத்திருப்பின் விலை

இதுவரை கட்டளையைப் பார்த்தோம். இனிக் காத்திருப்பைப் பார்ப்போம்.

யூனிக்ஸில் ஒரு நிரல் 'படி' என்று அழைத்தால், தகவல் வரும்வரை கெர்னல் அதை உறங்கவைத்துவிடும். ஒரு முனையத்தோடு பேசும் நிரலுக்கு இதில் தொல்லையில்லை. நூறு பேரோடு ஒரே சமயத்தில் பேசவேண்டிய நிரல் ஒருவருக்காக உறங்கினால் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் என்ன செய்வது? இதற்காக 4.2 பி.எஸ்.டி. அமைப்பில் செலக்ட் என்னும் அழைப்பு வந்தது. 'இந்தப் பட்டியலில் உள்ளவர்களில் யாரிடம் தகவல் ஆயத்தமாக இருக்கிறது?' என்று அது கேட்கும். ஆனால், ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கெர்னலிடம் நீட்டவேண்டும்; கெர்னலும் முழுவதையும் ஆராயவேண்டும்.

ஒரே கணிப்பொறி பத்தாயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் சேவை செய்ய இயலுமா என்ற வினாவை 1999இல் டான் கேகல் என்னும் பொறியாளர் எழுப்பினார். செலக்ட் முறை அதற்குத் தாங்காது என்பது தெளிவாயிற்று. 2000இல் ஃபிரீபி.எஸ்.டி. அமைப்பில் கே-கியூவும், 2002இல் லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பில் ஈ-போலும் தோன்றின. பட்டியலைக் கெர்னலே வைத்துக்கொண்டு, ஆயத்தமானவர்களின் பெயரை மட்டும் சொல்லும் முறை இவை.

ஆனால், 'தகவல் ஆயத்தம்' என்பதும் 'வேலை முடிந்தது' என்பதும் ஒன்றல்ல. சோறு வெந்துவிட்டது என்று சொல்வது வேறு; இலையில் பரிமாறிவிட்டேன் என்பது வேறு. ஆயத்தம் என்று அறிந்தபின் நிரல் மீண்டும் ஒருமுறை கெர்னலுக்குள் தாவி வேலையை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி முன்பே அறியப்பட்டதுதான். 1977இல் அறிவிக்கப்பட்ட வாக்ஸ் கணிப்பொறிகளுக்கான வி.எம்.எஸ். அமைப்பில், விண்ணப்பத்தை வரிசையில் போட்டுவிட்டு நிரல் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். முடிந்ததும் அதற்குச் செய்தி வரும். படித்தல், எழுதுதல், கட்டளை மூன்றும் அந்த ஒரே வரிசை வழியே சென்றன என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவ் கட்லர் பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார். 1994இல் வந்த அதன் 3.5 பதிப்பு, முடிந்த வேலைகளின் செய்திகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் வசதியைப் பெற்றிருந்தது. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸோ இவ்வகையில் பின்தங்கியிருந்தது. 2003இல் வெளிவந்த லினக்ஸ் 2.6இல் காத்திராமல் படிக்கும் முறை ஒன்று இருந்தது. ஆனால், வட்டுக் கோப்புகளைக் குறிப்பிட்ட ஒரு வகையில் திறந்தால்தான் அது உண்மையில் காத்திராமல் நடந்தது. சாக்கெட்டுகளுக்கு அதனால் பயன் இல்லை.

இரண்டு வளையங்கள்

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறைபாடு வெளியாயிற்று. சாதாரண நிரல் கெர்னலின் இரகசியங்களை எட்டிப்பார்க்க அது இடமளித்தது. அதைத் தடுக்கக் கெர்னலின் நினைவகப் பட்டியல்களைத் தனியே பிரித்துவைக்க நேர்ந்தது. அதனால், பாதிக்கப்பட்ட செயலிகளில் ஒவ்வொரு தாவலின் விலையும் உயர்ந்தது. தாவல்களைக் குறைக்கும் தேவை முன்னிலும் வலுத்தது.

2019 மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 5.1இல் யென்ஸ் ஆக்ஸ்போ உருவாக்கிய ஐ.ஓ.யூரிங் என்னும் அமைப்பு சேர்க்கப்பட்டது. நிரலும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்றில் நிரல் தன் விண்ணப்பங்களை வைக்கும். மற்றதில் கெர்னல் முடிவுகளை வைக்கும். விண்ணப்பம் ஒவ்வொன்றும் 64 பைட் அளவு. முடிவு 16 பைட். விண்ணப்பத்தில் நிரல் எழுதிய அடையாள எண்ணை முடிவிலும் கெர்னல் அப்படியே எழுதித் தரும். எனவே முடிவுகள் வரிசை மாறி வந்தாலும் குழப்பமில்லை. நூறு விண்ணப்பங்களை அடுக்கிவிட்டு ஒரே ஒருமுறை தாவினால் போதும்.

படித்தல், எழுதுதல், அனுப்புதல், பெறுதல், இணைத்தல் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வளையத்துக்கு வந்தன. 2022 ஜூலையில் வந்த 5.19 பதிப்பில் பொதுவான கட்டளை விண்ணப்பமும் சேர்ந்தது. இதனை வளையத்தின் வழியே செல்லும் ஐ.ஓ.சி.டி.எல். எனலாம். முதலில் என்.வி.எம்.இ. வகைச் சேமிப்புக் கருவிகளே இதைப் பயன்படுத்தின.

சாக்கெட் கட்டளை மட்டும் வெளியே நின்றது. பத்தாயிரம் இணைப்புகள் வந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விருப்பங்களை அமைக்கவேண்டும் என்றால், முப்பதாயிரம் பழைய தாவல்கள்! இதைவிடச் சங்கடம் ஒன்றும் இருந்தது. வளையத்துக்கு மட்டுமே உரிய தனிப்பட்டியலில் சாக்கெட்டைப் பதிந்துகொள்ளும் வசதி உண்டு. அவ்வாறு பதிந்த சாக்கெட்டுக்கு நிரலின் வழக்கமான பட்டியலில் எண் கிடையாது. எண் இல்லாததால், பழைய அழைப்பின் மூலம் அதற்குக் கட்டளையிடவே வழியில்லை. துளை இருக்கிறது; ஆனால் அதன் திருகைத் திருப்பக் கையெட்டவில்லை.

மூன்று இடங்கள்

இப்போது நம் கேள்விக்கு வந்துவிட்டோம். கட்டளையை நடத்திவைக்கும் பகுதியை எங்கே வைக்கலாம்? மூன்று இடங்களைச் சிந்திக்கலாம்.

முதலாவது, கெர்னலுக்கு வெளியே. நிரல் தனக்குள் சில துணை இழைகளை வைத்துக்கொண்டு, அவை பழைய அழைப்பைச் செய்யட்டும் என்று விட்டுவிடலாம். கெர்னலில் ஒரு வரியும் மாறவேண்டியதில்லை. ஆனால் தாவல்கள் குறையவில்லை. எண் இல்லாத சாக்கெட்டுக்கும் விடிவில்லை.

இரண்டாவது, வளையத்தின் பகுதியிலேயே முழுவதையும் எழுதிவிடுவது. இதில் ஆபத்து உண்டு. விருப்பத்தை மாற்றும் முன் செய்யவேண்டிய சோதனைகள் பல. அவை ஏற்கெனவே வலைப்பின்னல் பகுதியில் உள்ளன. அவற்றை நகலெடுத்து வேறோரிடத்தில் வைத்தால் என்ன ஆகும்? நாளை ஒரு நகலில் பிழை திருத்தப்படும், மற்றதில் மறக்கப்படும். இரண்டு கணக்குப் புத்தகம் வைத்த கடையின் கதைதான்.

மூன்றாவது, வலைப்பின்னல் பகுதியிலேயே முழுவதையும் வைப்பது. அறிவு அங்கேதான் உள்ளது என்பது உண்மையே. ஆனால், வளையத்தின் விண்ணப்பத்தைப் பிரித்தல், உடனே முடியாத வேலையைப் பின்னணி இழையிடம் தள்ளுதல், முடிவை எழுதுதல் ஆகியவை வளையத்தின் உள்விவகாரங்கள். அவை வலைப்பின்னல் பகுதிக்குள் புகுந்தால், வளையத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அங்கேயும் எதிரொலிக்கும்.

லினக்ஸில் ஏற்பட்ட தீர்வு இம்மூன்றில் எதுவும் அன்று. வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கெர்னலில் ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு வினைப்பட்டியல் உண்டு. படிக்க இந்தச் செயல்கூறு, எழுத இந்தச் செயல்கூறு என்று அதில் குறித்திருக்கும். வலைப்பின்னல் பகுதியில் உள்ள சாக்கெட்டின் வினைப்பட்டியலில், 'வளையக் கட்டளை வந்தால் இங்கே போ' என்று ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. அந்தக் குறிப்பு காட்டும் பாலம் வளையத்தின் பகுதியில் இருக்கிறது. அது விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கும். ஆனால் விருப்பத்தை அமைக்கும் உண்மையான வேலையை அது தானே செய்வதில்லை. பழைய அழைப்பு எந்தச் செயல்கூறை நாடுகிறதோ, அதே செயல்கூறை இதுவும் நாடுகிறது. 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 பதிப்பில் விருப்பத்தை அமைத்தலும் கேட்டறிதலும் இம்முறையில் இடம்பெற்றன.

கேட்டறியும் கட்டளை மட்டும் முதலில் சாக்கெட்டின் பொது அடுக்கோடு நின்றது. டி.சி.பி. போன்ற நெறிமுறைகளுக்கே உரிய விருப்பங்களை அது கேட்க இயலவில்லை. விடையின் அளவைப் பயனாளரின் நினைவகத்தில் நேரடியாக எழுதும் பழைய வழக்கம் நெறிமுறைகளுக்குள்ளே ஊறிக்கிடந்ததே காரணம். பழைய இடத்தில் எடுத்த முடிவு புதிய வாசல்வரை வந்து தடுப்பதற்கு இது நல்ல சான்று.

காவலர் காணாத வழி

'எங்கே வைத்தால் என்ன, வேலை நடந்தால் சரி' என்று நீங்கள் கேட்கலாம். இடம் தவறினால் என்ன நேரும் என்பதற்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு.

லினக்ஸில் செக்காம்ப் என்னும் காவல் முறை இருக்கிறது. ஒரு நிரல் எந்தெந்த அமைப்பு அழைப்புகளைச் செய்யலாம் என்று அது வடிகட்டும். ஆனால், அது நிற்பது வாசற்படியில். வளையத்தின் வழியே செல்லும் விண்ணப்பங்கள் தனித்தனி அழைப்புகளாக வாசலைத் தாண்டுவதில்லை. பகிர்ந்த நினைவகத்தில் நேரே வைக்கப்படுகின்றன. ஆகவே வாசற்காவலர் அவற்றைக் காண்பதே இல்லை.

கூகுள் நிறுவனம் லினக்ஸ் கெர்னலின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்போருக்குப் பரிசளித்து வந்தது. தனக்கு வந்த தாக்குதல் முறைகளில் 60 விழுக்காடு ஐ.ஓ.யூரிங் வழியே நடந்தவை என்று 2023 ஜூனில் அது அறிவித்தது. தன் உற்பத்திச் சேவையகங்களில் அவ்வமைப்பின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியதாகவும் தெரிவித்தது. காத்திருப்பை ஒழிக்கப் பிறந்த கருவியே பாதுகாப்பின் பொருட்டுக் காத்திருக்க நேர்ந்தது!

இப்போது மேற்சொன்ன தீர்வின் அருமை விளங்கும். சாக்கெட் விருப்பத்தை அமைக்கும் பொதுச் செயல்கூறுக்குள்ளேயே பாதுகாப்புச் சோதனை ஒன்று இருக்கிறது. பழைய வாசல் வழியே வந்தாலும், வளையத்தின் வழியே வந்தாலும் கட்டளை அந்தச் சோதனையைக் கடந்தே தீரவேண்டும். காவலரை வாசலில் மட்டும் நிறுத்தாமல், பெட்டகத்தின் அருகிலும் நிறுத்தியது போன்ற ஏற்பாடு இது. வளையத்தின் பகுதியில் தனி நகல் எழுதியிருந்தால், இந்தச் சோதனையை நினைவாகச் சேர்த்திருப்பார்களா என்பது எழுதியவரின் ஞாபகசக்தியைப் பொறுத்ததாகிவிடும்.

வரலாறு சொல்வது என்ன?

1975இல் நினைவகத்தின் அளவு இடத்தை முடிவு செய்தது. 1983இல் வேகம் முடிவு செய்தது. பின்னர் இணைப்புகளின் எண்ணிக்கையும், அதன்பின் தாவலின் விலையும், இறுதியாகப் பாதுகாப்பும் முடிவு செய்தன. காரணங்கள் மாறின, ஆனால் நிலைத்துநின்ற தீர்வுகளில் ஒரு பொதுப்பண்பைக் காண்கிறோம். 'எப்போது, எப்படிக் காத்திருப்பது' என்பதை வரிசையை நடத்துபவரிடம் விடவேண்டும். 'என்ன செய்வது, செய்யலாமா' என்பதைப் பொருளை அறிந்தவரிடம் விடவேண்டும். இவ்விரண்டையும் ஒருவர் தலையில் கட்டியபோதெல்லாம் சிக்கல் பிறந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் நிரல் எழுதுவீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்கு இன்னொரு வழியைத் திறக்கும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். அப்போது, அது எவ்வளவு வேகமானது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய வழியில் எங்கெங்கே சோதனை நடந்தது, புதிய வழியில் வருபவரும் அந்த இடங்களைக் கடக்கிறாரா என்பதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.